மாரென் வரமாட்டேன் என்கிறாள்

ஃபோபோர்க்,
ஜூன் 12

அன்புள்ள மலேனே,

பிள்ளைகள் இருவரும் சுகம். குடியில்லாமலே உங்களுக்கு இப்போது தூக்கம் வருகிறது என்று நகராட்சியிலிருந்து வரும் பெண்மணி சொன்னார். கேட்க நிம்மதியாக இருந்தது. சிகிச்சை இல்லத்தில் இன்னும் தொலைபேசி தருவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

யெப்பேவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. விழுந்ததை விழுங்கியும்விட்டான், அதற்கு ஒருநாள் முழுக்க அழுகை. மாரென் இப்போது குளத்தின் ஆழமான பக்கத்தில் நீந்துகிறாள். கணக்குப் பாடம் மட்டும் இன்னும் தகராறுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் எங்களிடம் வளர வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது, ஒருமுறைகூட வெளியூர் போய்த் தங்கவில்லை. ஜூலை விடுமுறையில் லாங்கலாண்ட் கடற்கரையில் கூடாரம் போட்டு இருந்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது என் கணவர் ஹெல்கே, வேலை எனக்கு. பரணிலிருந்து கூடாரத்தை இறக்கினால் ஒரு பக்கம் முழுக்கப் பூஞ்சணம். வினிகர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்தே தோள்பட்டை போயிற்று. கொடியில் போட்ட நாளிலிருந்து மழை. அடுப்புக்கு எரிவாயு, யெப்பே படுக்கையை நனைத்துவிடுவானே என்று ரப்பர் விரிப்பு, கறுப்பு ரொட்டியைத் தொடமாட்டேன் என்கிறவனுக்கு வேறு ரொட்டி என்று நினைக்க நினைக்க வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் சொந்தப் பிள்ளைகளை இப்படி அழைத்துப்போனபோது எனக்கு முப்பது வயதுகூட இல்லை. இப்போது அறுபதைத் தாண்டியாயிற்று.

ஹெல்கேயும் முதுகைப் பிடித்துக்கொண்டு, "தரையில படுத்தேன்னா என்னை எழுப்ப கிரேன்தான் வரணும், இங்கர்" என்றார். "யோசனை உங்களோடதுதானே" என்றேன். 

யெப்பே ஒரு வாரமாகச் சமையலறை மேசைக்கடியில்தான் தூங்குகிறான். கூடாரத்துக்குப் பழகிக்கொள்கிறானாம். மாரென்தான் வரமாட்டேன் என்கிறாள். முதலில் பூச்சி என்றாள், பிறகு குளிர் என்றாள். போன சனிக்கிழமை கூடாரத்தின் இரும்பு முளைகளைக் காணோம். ஹெல்கே தோட்டத்துக் கொட்டகையையே புரட்டிப்போட்டார். திங்கட்கிழமை அவளுடைய நீச்சல் பையைத் துவைக்க எடுத்தேன்; கனத்தது.

நான் திட்டவில்லை. பொறுமை என்று நினைத்துவிடாதீர்கள், அலுப்புதான். பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்: "எங்க அம்மாதான் என்னை டென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்காங்க. உங்ககூட முதல்ல போயிட்டா அம்மாவுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

"அம்மா வந்தப்புறம் அவங்ககூடவும் போலாமே" என்றேன்.

"அது ரெண்டாவது தடவை" என்றாள்.

 வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த யெப்பே, "அப்ப நான் மட்டும் போறேன்" என்றான். "போ. நீதான் அம்மாவை மறந்துட்டியே, போ" என்றாள் அவள். மறக்கவில்லை, மறக்கவில்லை என்று அவன் அழுதான். மறந்துதான் போயிருக்கிறான், மலேனே. இங்கே வந்தபோது சின்னக் குழந்தை. அதை அவன் எதிரில் யாரும் சொல்வதில்லை.

ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அன்று இருவரும் போட்ட கோட்டைக் கழற்றாமல் சாயங்காலம்வரை ஜன்னலருகே இருந்தார்கள். குத்திக்காட்ட இதை எழுதவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் குத்தத்தான் எழுதுகிறேன்.

மாரெனுக்கு நீங்களே எழுதுங்கள். போய் வா என்பதா, எனக்காகக் காத்திரு என்பதா, அது உங்கள் இஷ்டம். காத்திரு என்றால் இந்த வருடம் நாங்கள் போகவில்லை; யெப்பேவை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் நடக்காத எதையும் எழுதிவிடாதீர்கள். இவர்களுக்குச் சமைத்துப்போட்டுத் துவைத்துப்போட்டு எவ்வளவு செய்தாலும் இந்த வீட்டில் நான் இங்கர்தான். நீங்கள் சொல்வதுதான் அவள் காதில் ஏறும்.

அன்புடன்,
இங்கர்

ஃபோபோர்க்,
ஜூலை 8

அன்புள்ள மலேனே,

உங்கள் கடிதம் வந்தது. மாரென் அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். யெப்பே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். நேரே ஹெல்கேவிடம் போனாள்.

"எங்க அம்மாவுக்கு டென்ட் போடவே தெரியாதாம். ஒரு தடவைகூடப் போட்டதில்லையாம். நான்தான் கத்துக்கிட்டு வந்து சொல்லித்தரணுமாம்" என்றாள்.

மீதி என்ன எழுதியிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்று மகளுக்கு எழுத உங்களுக்கு எத்தனை தாள் கிழிந்திருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் புல்வெளியில் தினமும் கூடாரம் எழுகிறது, சரிகிறது. ஹெல்கே கயிற்றில் ஏதோ ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுப் போதும் என்றால் விடமாட்டேன் என்கிறாள். "ஏன் இப்படிக் கட்டணும்னு எங்க அம்மா கேட்டா நான் என்ன சொல்றது? மறுபடி காட்டுங்க, மெதுவா." மனிதர் முனகிக்கொண்டே மண்டிபோட்டுக் காட்டுகிறார். யெப்பேவுக்கு முளைகளை எடுத்துக்கொடுக்கும் வேலை. அதையும் அவள் சரியில்லை என்கிறாள்.

நாளை காலை கிளம்புகிறோம். மழை என்றுதான் வானிலைச் செய்தியில் சொல்கிறார்கள். கிளம்புமுன்பே எனக்கு உடம்பு விட்டுப்போயிற்று.

அங்கே வேளைக்குச் சாப்பிடுங்கள். வெளியே நடக்க விட்டால் நடங்கள். எங்கள் வீட்டில் இவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஹெல்கேவுக்கும் எனக்கும் வயது போய்க்கொண்டே இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே பார்த்திருப்பீர்கள். அவசரம் வேண்டாம், மலேனே. கால் ஊன்றி நின்ற பிறகு வாருங்கள். எத்தனை நாளானாலும் அதுவரை நான் தாங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் இங்கர்