மேல் மாடி முன் சீட்டு

அப்பா,

நேர்ல சொன்னா ரெண்டு பேரும் கத்துவோம், அதான் எழுதறேன். பாலிடெக்னிக்கை நான் எப்பவோ விட்டுட்டேன். தினமும் காலையில பையைத் தூக்கிட்டு ஏறினது நீங்க ஓட்டற டபுள் டெக்கர் பஸ்லதான். தொப்பி, மாஸ்க் போட்டு, கூட்டத்தோட ஏறி, மேல் மாடி முன் சீட்டுல உட்கார்ந்துடுவேன். கிளாஸ்ல என்னால உட்கார முடியலப்பா. ஓடற வண்டியிலதான் முடியுது. இந்த சிங்கப்பூர்ல ஆங் மோ கியோவுல இருந்து தேக்கா வரைக்கும் ஒவ்வொரு திருப்பமும் எனக்கு மனப்பாடம்.

இன்னிக்கு பஸ் டிரைவர் ட்ரெயினிங்ல சேர்ந்துட்டேன். "இந்த வேலை என்னோட போகட்டும் லா"ன்னு நீங்க அம்மாகிட்ட சொன்னது தெரியும். தெரிஞ்சேதான் சேர்ந்தேன்.

ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற சின்ன ஸ்க்ரீனைக் காட்டி, "மேல் மாடி முழுக்க இதுல தெரியும்"னு இன்ஸ்ட்ரக்டர் சொன்னாரு.

அப்ப தினமும் பாத்திருக்கீங்க. நான் அசந்து தூங்கின அன்னிக்கு, கடைசி ஸ்டாப்ல எல்லாரும் இறங்கின பிறகும் ஏசியை நிறுத்தாம வெச்சிருந்தீங்க. வீட்டுல சாப்பிடறப்ப மட்டும், "கிளாஸ் எப்படி பாப்பா"ன்னு கேப்பீங்க.

இன்னிக்கும் கேளுங்க. கிளாஸ் நல்லா இருந்துச்சு.

லைசென்ஸ் கிடைச்சதும் ஒரு நாள் லீவு போட்டுட்டு என் பஸ்ல ஏறுங்க. மேல முன் சீட்டுல உட்காருங்க. தூங்கினாலும் பரவாயில்ல, ஏசியை நிறுத்த மாட்டேன்.

உங்க மேல் மாடிப் பயணி