இதே நிறத்தில் வேறு நிறம்

இன்று காலை கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைக்குச் சேலை மாற்றப் போனேன். அதன் இடது மணிக்கட்டில் நீ கட்டிய சிவப்புத் துணி இன்னும் இருக்கிறது. அதை உள்ளே தூக்கிவந்து, உன் போனை அந்தக் கையில் வைத்துக் கட்டித்தானே நம் படத்தை எடுத்தாய்! படம் பிடிக்க ஆள் வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, இவள் ஆடாமல் அசையாமல் பிடிப்பாள், வாய் திறந்து குறையும் சொல்லமாட்டாள் என்றாய். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், மனம் வரவில்லை. முந்தானையை இழுத்து மூடிவிட்டு வந்துவிட்டேன்.

காலையிலிருந்தே எனக்குப் படபடப்பு. நாளை போயா, பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. கலஹாத் தோட்டத்தில் உங்கள் லயத்து வீடுகளுக்குப் பக்கத்து வாசிகசாலையில் படத்தைப் போடுகிறோம். உன் அம்மா முன்வரிசையில் இருப்பார். நானோ உன்னிடம் ஒரு பொய் சொன்னவள். இன்று காலைவரை அது பொய்யாகவே இருந்தது.

நம் படத்தில் கதை என்று என்ன இருந்தது? சேலைப் பகுதியில் இரண்டு பெண்கள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை நிற்கிறார்கள். உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். ஒருத்தி தேநீர் நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். பார்க்காதே, பார்த்தால் அது நின்றுவிடும் என்கிறாள் மற்றவள். அவ்வளவுதான். இதைப் போய் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"நிக்கிறவங்க எல்லாம் பாப்பாங்கடி. கண்டி டவுன்ல எத்தன பேரு நிக்கிறாங்கன்னு நெனக்கிற?" என்றாய்.

நீ சொன்னதுதான் நடந்தது. பக்கத்துச் செருப்பு, சப்பாத்துக் கடைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் போட்டுக் காட்டினோம். சிரிப்புக்கென்று நீ மண்டையை உடைத்து எழுதிய வசனங்களுக்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை. நாம் இருவரும் பேசாமல், ஒரே நேரத்தில், இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நிற்கிற இடத்தில்தான் சோற்றுப் பார்சலை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நமக்கு அது நடிப்பே இல்லை. கால் வலித்தது, மாறி நின்றோம். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

பட்டுச்சேலை ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். அதனால் அவ்வப்போது போயா காலைகளில் நாம் இருவரும் போய் எல்லாவற்றையும் பிரித்து, மடிப்பு மாற்றி அடுக்க வேண்டும். சாவியை முதலாளி என்னிடம்தான் தருவார். நான் பயந்தாங்கொள்ளி, தப்புப் பண்ணமாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை. அந்தச் சாவியில்தான் நீ படமே எடுத்தாய். மெயின் சுவிட்சைப் போட அனுமதி இல்லை. வெளிச்சத்துக்காக ஷட்டரைப் பாதி தூக்கி வைப்போம். ஒவ்வொரு முறையும் என் நெஞ்சு படபடவென்று அடிக்கும், நீ கேலி பண்ணுவாய்.

போன வருஷம் அப்படி ஒரு காலையில்தான் அந்த அம்மா ஷட்டருக்கு அடியால் குனிந்து உள்ளே வந்தார். ஊர் மடவளையாம், மகளுக்குக் கல்யாணமாம். இன்று கடை பூட்டு என்று சொல்ல வேண்டியதுதானே? நம் இரண்டு வாய்க்கும் அது வரவில்லை. "வாங்க மேடம், என்ன மாதிரிப் பாக்குறீங்க?" என்று நான் தொடங்கினேன். நீ அதற்குள் முதல் சேலையை விரித்துவிட்டாய். விற்பதென்றாலும் கரண்ட் இல்லாமல் பில் போட வழியில்லை. அது நம் இருவருக்கும் நினைவே வரவில்லை, பார்! காலையிலிருந்து மடிப்பு மாற்றி அடுக்கிய அத்தனையையும் பிரித்துப் போட்டோம். ஊதாச் சேலை ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதே கலர்தான் வேணும் மகள், ஆனா வேற கலர்ல இல்லையா?" என்றார். நீ முகத்தில் ஒன்றும் காட்டாமல், "இருக்கு மேடம்" என்று அடுத்ததை எடுத்தாய். கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம்தான் பார்த்தோம், பொம்மைக் கையில் போன் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த ஒன்பது நிமிஷம்தான் படத்தின் உயிர். அது உனக்கும் தெரியும். ஆனால் அவரைக் கேட்காமல் யாருக்கும் காட்டக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாய். சப்பாத்துக் கடைப் பிள்ளைகளுக்குக்கூட அந்தத் துண்டைக் காட்டவில்லை. "நம்ம தலைக்கு மேல நாள் பூரா கேமரா ஓடுது. யாராச்சும் நம்மளக் கேட்டாங்களா? நம்மளும் அப்படிச் செய்றதா?" என்றாய். மடவளைக்குப் போய் விசாரிக்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன். போகவில்லை. அவர் கோபித்துக்கொண்டு முதலாளியிடம் வந்து நின்றால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடுமே என்ற பயம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று கடத்திக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் உனக்கு டெங்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வார்டில், சேலைன் குழாய் குத்தியிருந்த கையால் என் விரலைப் பிடித்து, "அந்த அம்மாகிட்ட கேட்டியா?" என்றாய்.

"கேட்டேன். சரின்னுட்டாங்க."

"அப்பாடா. அப்ப எங்கம்மாவுக்குக் காட்டலாம்."

மறுநாள் நீ இல்லை. எட்டு மாதமாக அந்த 'அப்பாடா' என்னைச் சோறு தின்ன விடவில்லை. உன் அம்மா போனை என்னிடம் கொடுத்து, படத்தைப் போடு என்றபோதும் மறுக்க முடியவில்லை. மடவளைக்கு இரண்டு முறை போனேன். பேர் தெரியாமல், முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரை விசாரிப்பது? பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். அந்தத் துண்டை எடுத்துவிட்டால் படம் செத்துவிடும். வைத்தால் உனக்குச் செய்த துரோகம். நேற்றுவரை இதே கணக்குத்தான்.

இன்று பதினொரு மணிக்கு அவரே வந்து என் முன்னால் நின்றார். மருமகளுக்குப் பெருநாள் சேலை பார்க்க வந்தாராம். ஐந்து சேலை விரித்தேன். ஆறாவதில் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: தெரியாமல் எடுபட்டது, தெரிந்த பிறகும் அழிக்கவில்லை, நாளை காட்டப்போகிறோம். அவர் முகம் இறுகியது. தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, காட்டுங்கள் பார்ப்போம் என்றார்.

சூப்பர்வைசர் கண்ணில் படாமல் சேலைகளுக்கு நடுவே போனை வைத்தேன். ஒன்பது நிமிஷமும் அவர் குனிந்து பார்த்தார். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டேன். பார்த்து முடித்து, மற்றப் பிள்ளை எங்கே என்று கேட்டார். சொன்னேன். உன்னிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அழுதுவிட்டேனடி, கடை நடுவில் நின்று.

அவர் விரித்துக் கிடந்த ஊதாச் சேலை ஒன்றின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "கட மூடித்தான் ஈந்திச்சி, எனக்குத் தெரியும் மகள். உள்ள ரெண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டிச்சி. அப்பிடி ஒரு சிரிப்பு. என்னண்டு பாக்கத்தான் குனிஞ்சி வந்த. நீங்க டக்கெண்டு சேலய விரிச்சிட்டீங்க, சும்மா போக வெக்கமாப் போச்சி. கல்யாணமும் இல்ல, ஒண்டும் இல்ல. மகளுக்கு அப்ப பதினாலு வயசு."

காட்டச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு இதில் இல்லையே என்று குறைப்பட்டார். சேலை வாங்கவில்லை. மருமகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

உன்னிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. ஆனால் படபடப்பு அடங்கவில்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்தத் துண்டின் தொடக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பை வெட்டியது நீதானே? கழுதை கத்துவதுபோல் இருக்கிறது என்றாய். சாப்பாட்டு நேரத்தில் உன் போனைத் துழாவினேன். அழிக்காமல் தனியாக வைத்திருக்கிறாய். முதலாளியின் சக்கரக் கதிரையில் ராணிபோல் உட்காருகிறாய், அது உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி அலுமாரியில் முட்டுகிறது. எழும்பாமல் உட்கார்ந்தபடியே அந்தச் சிரிப்பு. நானும் சிரிக்கிறேன், எனக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே மறந்திருந்தது. பின்னால் ஷட்டருக்கு அடியில் அந்த அம்மாவின் செருப்பு தெரிகிறது.

உன் அம்மா யார் வந்தாலும் ஒன்றைத்தான் சொல்கிறார்: என் பிள்ளை நின்று நின்றே போய்விட்டாள். வெட்டியதை ஒட்ட எனக்குத் தெரியாது. படம் முடிந்ததும் அந்தத் துண்டைத் தனியாகப் போடப்போகிறேன். உன்னைக் கேட்க வழியில்லை. கேட்காமல் காட்டக் கூடாது என்றவள் நீ, அதனால்தான் இந்தப் படபடப்பு. கோபித்துக்கொள்ளாதே. நீ உட்கார்ந்திருப்பதை உன் அம்மா ஒரு தடவை பார்க்கட்டும்.