கிளி இறங்க இடமில்லாத வட்டை

ஜனவரி 17, சனி
காலையில் மப்பு. மழை இல்லை. கதிர் பால் பிடித்துவிட்டது. ஆகவே பள்ளி இல்லாத நாளெல்லாம் நான் கிளி விரட்டும் உத்தியோகத்தர். சம்பளம் பாணும் சம்பலும்.

வாவியோரம் எங்கள் வட்டையில், அந்த வயல்வெளி முழுக்கத் தேடினாலும், மிஞ்சிய வயல் எங்களுடையது மட்டும். மற்றதெல்லாம் விற்று, கிறவல் மண் கொட்டி மேடாக்கியாயிற்று. மேற்கே, என் கூட்டாளி சுரேன் வீட்டு வயல் இருந்த இடத்தில் நாலு சீமெந்துக் கட்டை, ஒரு போர்ட், ஒரு நாய். சுரேன் கொழும்பில்.

கிளியை வெருட்ட மூன்று வெருளி, வைக்கோல் ஆட்கள், கட்டினேன். ஒருவருக்கு அப்பாவின் கிழிந்த சாரம், ஒருவருக்கு அம்மாவின் நைட்டி, மூன்றாமவருக்குச் சுரேன் விட்டுப்போன சிவப்பு ரீசேட். என்னோடு நாலு பேர். பேசுவது நான் மட்டும்.

ஜனவரி 18, ஞாயிறு
காணித் தரகர், மோட்டார்சைக்கிளில். வரம்பில் நின்று சிவப்பு ரீசேட்டைப் பார்த்து, "தம்பி, அப்பா இரிக்காரா?" வெருளியின் கை காற்றில் ஆடியது. "உன்னத்தான்டா! பெரியாக்கள் கேட்டா வாய் திறக்க மாட்டியா?"

வரம்புக்குக் கீழே படுத்து வயிறு நோகச் சிரித்தேன். கூடச் சிரிக்க ஆளில்லை. சுரேனுக்கு வொய்ஸ் போட்டேன். பின்னேரம் ஒரு கட்டைவிரல் வந்தது.

சாப்பிடும்போது அப்பா: "சுத்திவர வயல் கிடந்தா கிளி பங்குபோட்டுத் தின்னும் மனே. இப்ப முழுக்க நமக்குத்தான். இந்தப் போகத்தோட குடுத்திருவம்."

"அடுத்த போகமும் நான் விரட்டுறன்."

"மறுகா பாப்பம். சாப்பிடு."

அப்பாவின் 'மறுகா', அதாவது 'பிறகு', என்றால் 'இல்லை'.

ஜனவரி 24, சனி
வெயில். கிளி ஒரு பட்டாளம். பழக்கத்தில் மேற்கே விரட்டினேன். முன்பு அது சண்டை: நான் கூவி அவன் பக்கம் அனுப்ப, அவன் தகரம் தட்டித் திருப்பி அனுப்புவான். தோற்றவன் ஐஸ்பழம் வாங்க வேண்டும். இன்று கிறவலுக்கு மேல் ஒரு சுற்று, இறங்கக் கதிர் இல்லை, எங்களிடமே வந்தன. மறுபடியும். மறுபடியும். ஒன்று சிவப்பு ரீசேட்டின் தோளில் குந்தித் தலையைச் சொறிந்தது.

ஜனவரி 25, ஞாயிறு
அப்பா தரகருக்குச் சரி சொல்லிவிட்டார். அறுவடை வெட்டு முடிந்ததும் காணி எழுத்து. அம்மாவோடும் நான் பேசவில்லை.

பின்னேரம் அப்பாவே வயலுக்கு வந்தார். சரிந்திருந்த சிவப்பு வெருளியை நிமிர்த்திக் கட்டினார்.

"நீ அங்கால போ."

"எங்க?"

"சுரேன் நிண்ட இடத்துக்கு. விளைஞ்சதாவது வீட்ட வரட்டும்."

தகரத்தோடு போய்க் கிறவலில் நின்றேன். அப்பா கூவினார். வந்ததெல்லாம் தட்டித் திருப்பினேன். அவர் திரும்ப அனுப்பினார். கடைசியில் எல்லாம் வாவிக்கு மேலால் போய்விட்டன.

"ஐஸ்பழம் ஆரு வாங்குற?" என்று அங்கிருந்து கத்தினார்.

கிறவல் காலைச் சுட்டுவிட்டது. நாளை பள்ளி விட்டதும் செருப்போடு.