கழுவாமல் விட்ட குடுவை

என் வாயாடி ஷமீமாவுக்கு,

முதலில் நல்ல சேதி. நம்ம மூலக்கூறு படிகமாகிவிட்டது. பாகாக வழிந்து நம் இருவர் உயிரையும் வாங்கிய அதே சனியன்தான், இப்போது வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகக் குடுவையின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நாம் யாரென்று தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீ பாலக்கரை, நான் ஸ்ரீரங்கம். திருச்சியில் ஒரு கல்லூரியின் கரிம வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமியை அடக்க ஒரு புது மூலக்கூறு செய்துகொண்டிருந்தோம்.

எங்கள் ஆத்துச் சமையலறையில் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுக்கும்போது இன்னொரு தடவை கழுவுவோம். அந்த வழக்கத்தை நான் ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டு வந்துவிட்டேன். நீயோ மிச்சம் மீதியை அப்படியே குடுவையில் விட்டு, டேப்பில் எதையோ கிறுக்கி ஒட்டி அலமாரிக்குள் தள்ளுவாய். நான் கத்துவேன். "சரிங்க மாமியாரே" என்பாய். அந்தப் பெயரே எனக்கு நிலைத்துவிட்டது.

நாம் செய்த முதல் மூலக்கூறு ஞாபகமிருக்கிறதா? கிருமியைக் கொன்றது, கூடவே ஈரல் செல்லையும் கொன்றது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. நீதான் அதன் ஓரத்திலிருந்த அணு வளையத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை ஒட்டிப் பார்த்தாய். கிருமி செத்தது, ஈரல் பிழைத்தது. மாத்திரையை விழுங்குகிறவர்கள் டாக்டரை வாழ்த்துகிறார்கள், சாமியை வாழ்த்துகிறார்கள். எங்கோ ஒருத்தி ஓரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டு கிடந்தாள் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் புதியது படிகமாக மறுத்தது. படிகமாகாவிட்டால் அழுக்கைப் பிரிக்க முடியாது, அழுக்கோடு சோதனை எலிக்குக் கொடுக்க முடியாது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே ஒருநாள் காலையில் உன் இதயம் நின்றுவிட்டது. அது போகிற வயசா ஷமீமா? இன்னும் எனக்கு உன்மேல் கோபம்தான்.

போன மாதம் எலிச் சோதனை செய்கிறவர்களிடமிருந்து தகவல் வந்தது. இந்த மாதத்துக்குள் சுத்தமான தூள் வராவிட்டால் நம்ம மூலக்கூறைக் கைவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வார்களாம். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். கரைப்பானை மாற்றினேன், ஐஸில் வைத்தேன், கண்ணாடிக் கம்பியால் குடுவையைச் சுரண்டினேன். பெருமாளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். பாகு பாகாகவே இருந்தது.

நீ கண்ணை மூடிய வாரமே உன் குடுவைகளையெல்லாம் கழுவித் தள்ளியிருந்தேன். அழுகையை வேறெங்கே கொண்டுபோய் வைக்க? ஒன்றே ஒன்றை மட்டும் விட்டிருந்தேன். டேப்பில் உன் கோணல் எழுத்து இருந்தது. சோப்பு நுரைக் கையோடு எடுத்துவிட்டு, மனசு வராமல் திருப்பி வைத்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நீ கடைசியாகச் செய்த பாகு அத்தனை நாள் தனியாகக் கிடந்து, சுவரில் உப்புப் பூத்த மாதிரி குடுவையின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. தானாகவே படிகமாகியிருந்தது. கடுகில் பாதியளவு சுரண்டி என் குடுவைக்குள் போட்டேன். முதலில் ஒரு படிகம் இருந்துவிட்டால் மற்றவை அதோடு வரிசையாகச் சேர்ந்துகொள்ளும், நமக்குத் தெரிந்த பாடம்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் குடுவை முழுக்க ஊசிகள். தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

சாயந்திரம் ஸ்ரீரங்கம் பஸ்ஸை விட்டுவிட்டு நேரே பாலக்கரைக்குப் போனேன். உன் அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். நடந்ததையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "பாலுக்கு உறை ஊத்துற மாதிரியாம்மா?" என்றார்கள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப எம்மக உறை ஊத்திட்டுத்தான் போயிருக்கா."

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு டீ ஆறுது, குடி என்றார்கள்.

தூள் நேற்றுக் கிளம்பிவிட்டது. மாத்திரையாகுமா? தெரியாது. எலிகள், அப்புறம் மனுஷர்கள், வருஷக்கணக்கில் வேலை கிடக்கிறது. நம்மதைப் போல் கிளம்பியவற்றில் பெரும்பாலானவை பாதி வழியிலேயே நின்றுபோகும். ஆனாலும் நம்மது கிளம்பிவிட்டது, அதற்கே இன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சத்தியம் செய்து தருகிறேன், கேட்டுக்கொள். அந்தக் குடுவையை நான் கழுவ மாட்டேன். நான் இருக்கும் வரைக்கும் யாரையும் கழுவ விடவும் மாட்டேன். ஸ்ரீரங்கத்துக்காரி வாயிலிருந்தே இந்த வார்த்தையை வாங்கிவிட்டாய், இப்போது திருப்திதானே?

உன் மாமியார்,
வேதவல்லி