பழைய வரைபடத்தில் ஒரு சிலுவை

தம்பி ஆர்லிஸ்,

நீ தொலைபேசியைப் பட்டென்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

"அக்கா, சும்மா இரு. மேட்டுல கல்லறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பா குடிச்சிட்டு விட்ட கதை அது" என்றாய். மேட்டை வாங்கப்போகும் கல்குவாரிக்காரர்கள் காட்டிய புது வரைபடத்தில் இல்லைதான். ஆனால் 1951-இல் அச்சிட்ட வரைபடத்தில் நம் ஓடைக்கு மேலே, கல்லறைக்குப் போடும் ஒரு சின்னச் சிலுவைக் குறி இருக்கிறது.

அதையும் ஒரு காம்பஸையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் முட்புதரில் அலைந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நூலகத்து வெர்லீன்தான் கேட்டுவிட்டுச் சிரித்தாள்: "அடியே, ஓரத்துல போட்டிருக்கிற காம்பஸ் கணக்கு அந்தக் காலத்துது. காம்பஸ் முள்ளு காட்டுற வடக்கு இப்போ ஆறு டிகிரி தள்ளிப் போச்சு!"

திருத்திக்கொண்டு நேற்றுக் காலை மறுபடி ஏறினேன். நம் பக்கத்தில் கல்லறையைத் தவிர எங்கும் நடாத நீலப்பூக் கொடி, தேவதாரு மரங்களுக்கு அடியில் படர்ந்து கிடந்தது. விலக்கினால் நான்கு கற்கள். கடைசிக் கல் ஒரு ரொட்டி அளவுதான். உனக்கு முன்னால் பிறந்து ஒரே வாரத்தில் போனதாக அப்பா சொன்ன பிள்ளையுடையது. அம்மா உன்னைக் கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'குட்டி' என்றே கூப்பிட்டது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. ஆணியால் கீறிய எழுத்தை இன்னும் படிக்க முடிகிறது: ஆர்லிஸ்.

வரைபடத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போகிற வழியில் மேட்டுக்கு வா. நான் அங்கேதான் இருப்பேன். அந்தக் கல்லைப் படித்துவிட்டு, அதே பெயரை அவர்களுடைய காகிதத்தில் எழுது, பார்க்கலாம்.

உன் அக்கா