நீ எழுதிய கோப்பை நீக்கிய நாள்

இன்று காலை அலுவலகத்தில் நீ எழுதிய நிரல் கோப்பை நீக்கினேன். இணையதளங்களைத் தொகுக்க ஒரு புதிய கருவிக்கு மாறுகிறோம். நீ எழுதி வைத்த வேலையை அது தானாகவே செய்துவிடுகிறது. யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. ‘இனி தேவைப்படாது’ என்று மட்டும் குறிப்பிட்டு, அதை நீக்கும் பொறுப்பை என் பெயரில் ஒதுக்கியிருந்தார்கள். கோப்பின் முதல் வரியில் உன் பெயர் இருந்தது. கடைசி வரை நிதானமாக வாசித்தேன். பிறகு நீக்கினேன். அது இல்லாமலே சோதனைகள் எல்லாம் பிழையின்றிப் பச்சையாக வந்தன. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நாமக்கல்லில், டயர் கடை மாடியில், எதிரெதிர் மேஜையில் நாம் வேலை பார்த்தபோது பிறந்தது அது. லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு இணையதளம் செய்திருந்தோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஃபோல்டர். அதற்குள் அந்தப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல்ஷீட், அதன் அருகிலேயே படங்கள். நம் கணினிகளில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. தளத்தை ஏற்றிய அன்று பட்டறைக்காரர் போன் செய்தார்.

“ஏனுங்க, எழுத்தெல்லாம் இருக்குதுங்க. வண்டியத்தான் ஒண்ணையும் காணோமுங்க.”

மறுநாள் அவருடைய புதுப் பட்டறை திறப்பு. அழைப்பிதழிலேயே தள முகவரியை அச்சடித்துவிட்டார். எல்லா ஃபோல்டரிலும் படங்களை நகலெடுத்துப் போட்டுச் சமாளிக்கலாம் என்றார் நம் மேலாளர். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

“இன்னிக்குத் தெரியுமுங்க. நாளைக்கு ஒரு ஃபைல எடம் மாத்துனா மறுக்காக் காணாமப் போயிரும்.”

பிறகு என் பக்கம் திரும்பினாய். “ஸ்டைல்ஷீட்டுல ‘பக்கத்துல இருக்கற படம்’னுதான் எழுதி வெச்சிருக்கறோம் புள்ள. தொகுக்கறப்ப எல்லா ஷீட்டையும் ஒண்ணாச் சேத்து வேற ஃபோல்டருக்குக் கொண்டுபோயிருது. அங்க போயிப் பக்கத்துல தேடுனா எப்பிடிக் கெடைக்கும்?”

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்தாய். ஸ்டைல்ஷீட்டுகளைச் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொன்றாக எடுத்து, அது இருக்கும் ஃபோல்டரிலிருந்து படத்தின் முழுப் பாதையைக் கண்டுபிடித்து, படத்தையும் கூடவே கொண்டுபோய், புது இடத்துக்கு ஏற்றபடி பாதையைத் திருத்தி எழுதும் நிரல். திரையில் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. பட்டறைக்காரர் நம்மைத் திறப்பு விழாவுக்கே அழைத்துப் பந்தியில் உட்கார வைத்தார். நீ பாதிச் சாப்பாட்டை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தாய். பசியில்லை என்றாய். உன் உடம்பில் நோய் தொடங்கிவிட்டது என்று அன்று நம் இருவருக்கும் தெரியாது.

ரத்தப் புற்று என்றார்கள். சேலத்து ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு தோறும் வந்துபோனேன். கடைசியாக வந்த ஞாயிறு, “ஆபீசுல என்ன நடக்குது?” என்றாய். சொல்ல வேண்டாம் என்றுதான் வந்திருந்தேன். நீ விடவில்லை. ஒரு ஸ்டைல்ஷீட் வேறொரு ஃபோல்டரில் இருக்கும் இன்னொன்றை உள்ளே இழுத்தால், இழுக்கப்பட்டதில் உள்ள படங்கள் மட்டும் வருவதில்லை என்றேன்.

“லேப்டாப்பத் தொற. கைல ஊசி குத்தியிருக்குது, நான் சொல்றேன், நீ அடி.”

உள்ளே இழுக்கும் ஷீட்டின் இடத்தை வைத்து உன் நிரல் பாதை தேடுகிறது. உள்ளே வந்த ஷீட்டின் சொந்த இடத்தை வைத்துத் தேட வேண்டும். தவறு அவ்வளவுதான். நீ ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அடித்தேன்.

“வந்துதா?”

“வந்திருச்சு.”

“அப்பச் செரி” என்று தலையணையில் சாய்ந்துகொண்டாய். அடுத்த ஞாயிறு வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டுச் சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். உன் அம்மா வெளிக்கதவைத் திறந்தபோதே, “வேல நாள்ல வந்திருக்கற, என்ன சாமி?” என்றார்.

“அவ எழுதி வெச்சத எடுத்துட்டு வேற போட்டுட்டாங்க அம்மா. நாந்தான் எடுத்தேன்.”

என்னவென்று அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “யாரோ எடுக்கறதுக்கு நீ எடுத்தது நல்லதுதான் சாமி.”

காப்பி குடிக்கும்போது அந்தக் கடைசி ஞாயிற்றைப் பற்றிக் கேட்டார். அன்று அவரைச் சாப்பிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு நான்தான் உன் பக்கத்தில் இருந்தேன். நீ சொல்ல நான் அடித்ததைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

“வலி வந்தா அவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டா. பேச்ச நிறுத்திக் கண்ண மூடிக்குவா, அவ்வளவுதான். எங்கிட்ட அப்பிடித்தான் இருந்தா. அன்னிக்கு உங்கூட இருக்கறப்ப அப்பிடி மூடுனாளா சாமி?”

“இல்லீங்க அம்மா. சிரிச்சுப் பேசிட்டேதான் இருந்தா.”

“அது போதும்” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நீ கண்ணை மூடினாய். வரிக்கு வரி மூடினாய். அடுத்த வரியை யோசிக்கிறாய் என்று நினைத்து, விசைகளின் மேல் விரலை வைத்தபடி, உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று சத்தமில்லாமல் காத்திருந்தேன். அதை அம்மாவிடம் எப்போதும் சொல்லப் போவதில்லை. அது என்னோடு இருக்கட்டும்.