விழுங்காத பதினேழு மாத்திரைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூவரும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இந்த இடத்தில் வழக்கமாக நாங்களும் அப்படியே என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்குக் குறையில்லை, சித்தப்பாவுக்கும் குறையில்லை. என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், பதறாமல் உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய், போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைப் போடுங்க, ஸ்பீக்கரைப் போடுங்க என்பாள், நான் சொல்ல வேண்டியதோ அவள் காதில் விழக்கூடாதது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும். அதற்குள் நல்லதோ கெட்டதோ உனக்குப் போனில் செய்தி வந்திருக்கும், என்ன ஆயிற்று என்று தெரிந்த பிறகுதான் நீ இதைப் படிப்பாய். எழுதுகிற எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

சித்தப்பா வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறான், நாலாவது மாடித் தளம் போன வாரம் போட்டாயிற்று, என்னிடம் யோசனை கேட்கிற மாதிரி தினமும் போன் செய்கிறான், நான் எதைச் சொன்னாலும் அதை ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. குட்டிப்பயல் வரைந்து அனுப்பிய யானை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது, அது யானை என்று நீ சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, உனக்கும் வயது நாற்பதை நெருங்குகிறது, ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள், எனக்கு வந்தது உனக்கும் வரலாம் என்று டாக்டரே சொன்னார். பார், விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது பாப்பா. உன்னிடம் இந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை, இப்போது எழுதிவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கிவிட்டது என்று எனக்கு ஸ்டென்ட் வைத்தது உனக்குத் தெரியும். அப்போது டாக்டர் என்னிடம், "கம்பி வலை வெச்சா அது காலம் பூரா உள்ளயே கிடக்கும், இது அப்படியில்ல, ரெண்டு மூணு வருஷத்துல தானா கரைஞ்சு போயிடும், அதுக்குள்ள உங்க குழாய் சொந்தமா நின்னுக்கும்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சென்ட்ரிங் வேலை பார்க்கிறவனுக்கு இதைவிடப் புரியும்படி யாரும் சொல்ல முடியாது. பலகை அடித்து முட்டுக் கொடுத்துத் தளம் போடுகிறோம், இறுகியதும் முட்டுகளைப் பிரித்து எடுத்துவிடுகிறோம், அதேதானே என்றேன், டாக்டரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. நான் முட்டுகளை எடுக்கும் முன்பு கீழே நின்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன், சத்தம் சரியாக வந்தால்தான் கை வைப்பேன். உள்ளே யார் தட்டிப் பார்ப்பது? குழாய் இறுகாமலே வலை கரைந்துவிட்டால்? உன் சித்தப்பா இடது காலை இழுத்து நடக்கிறானே, வண்டியிலிருந்து விழுந்தான் என்றுதானே உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், அது பொய். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார் என்று நான் இரண்டு நாள் முந்தி முட்டுகளைப் பிரித்துவிட்டேன், ஜன்னலுக்கு மேலே போட்ட தளம் அப்படியே அவன் மேல் இறங்கியது. உனக்கு அப்போது மூன்று வயது. அவன் இன்றுவரை ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை, அதனாலேயே எனக்கு அது மறக்கவில்லை.

இந்தப் பயத்தோடு இருக்கும்போது ஒருநாள் முகம் மழிக்கையில் தாடையில் கீறிவிட்டது, ரத்தம் நிற்கவே இல்லை, தண்ணீராக ஓடுகிறது. மருந்துக் கடையில் கேட்டேன், ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நான் தினமும் விழுங்குகிற சிவப்பு மாத்திரை ரத்தத்தை இளக்குகிறது, அதனால்தான் என்றார்கள். என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? கலவையில் தண்ணீர் அதிகமானால் கான்கிரீட் ஒழுங்காக இறுகாது, எத்தனை நாள் முட்டுக் கொடுத்தாலும் பிரித்ததும் விரிசல் விடும். ரத்தம் இப்படித் தண்ணீராக ஓடினால் குழாய் எப்படி இறுகும், வலை கரைகிற நாளில் எது தாங்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. டாக்டரைக் கேட்டால் திட்டுவார், உன்னைக் கேட்டால் அம்மாவிடம் சொல்லுவாய். அம்மா தினமும் காலையில் இரண்டு மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரையும் கொடுத்து, நான் தலையைத் தூக்குகிற வரை நிற்பாள். வெள்ளையை விழுங்குவேன், சிவப்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன், அவள் அடுப்பங்கரைக்குத் திரும்பியதும் துப்பிக் காகிதத்தில் மடித்து என் வேலைப் பையில் போட்டுவிடுவேன். வயதுக்குத் தகுந்த வேலையா இது என்று நீ கேட்பது எனக்கே கேட்கிறது. பதினேழு நாள் இப்படிச் செய்தேன்.

நேற்று இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம், வழக்கமான பரிசோதனைதான். டாக்டர் என்னைப் பார்த்து மாத்திரையெல்லாம் சரியா போகுதா என்று கேட்டார், நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா, "ஒரு வேளை தப்பினதில்ல டாக்டர், என் கையாலதான் குடுக்கிறேன்" என்றாள். அவள் முகத்தில் அப்போது இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். டாக்டர், "எல்லா வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்லம்மா" என்றார், அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் அடித்து வைத்த ஆணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இன்று காலையில் செய்தித்தாள் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய், காகிதத்தைப் பிரித்துப் பதினேழையும் டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அந்த வலை மேல இன்னும் உங்க தோல் மூடலை. மூடாத இடத்துல ரத்தம் பட்டா அங்கயே உறைஞ்சு கட்டியாகும், குழாய் பட்டுனு அடைச்சுக்கும். அது உறையாம இருக்கத்தான் இந்த மாத்திரை. இறுகறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வலை கரையிறதப் பத்தி நாங்க கவலைப்படுறோம், அதுவரைக்கும் நீங்க இருக்கணும்ல" என்றார். இதயத் துடிப்பை எடுத்துப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மாடிப்படி ஏறும்போது நாலு நாளாக நெஞ்சு இறுக்குகிறது என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. நாலு சிவப்பு மாத்திரையை ஒன்றாகக் கொடுத்து அவர் முன்னாலேயே விழுங்கச் சொன்னார், இப்பவே இங்க வந்து சேர்ந்துடுங்க என்றார், வீட்டில் சொல்லிவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சி வந்திருக்கிறேன். நாளைக்கு மறுபடியும் மெல்லிய குழாய் விட்டு, உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். இன்னொரு பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன், பையில் துண்டு மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இப்போதும் நெஞ்சு இறுக்குகிற மாதிரிதான் இருக்கிறது, பயத்தில் இறுக்குகிறதா, உள்ளே அடைத்துக்கொண்டு இறுக்குகிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான் எழுத உட்கார்ந்ததே ஒன்றைச் சொல்லத்தான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மா தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வாள். எந்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தேனோ, எந்த வேளை மறந்தேனோ என்று மாய்ந்துபோவாள். அவள் ஒன்றையும் மாற்றவில்லை, ஒரு வேளையும் மறக்கவில்லை, விழுங்காதது நான். இதை நீ அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டு வரும்போதே ஒன்று தோன்றுகிறது, கடிதம் உனக்கு வந்து சேருகிற பத்து நாளும் அவள் தனியாக அதை நினைத்து நினைத்து வெந்துபோவாளே. இப்போதுகூட அடுத்த அறையிலிருந்து, "எனக்கு எழுத இடம் விட்டீங்களா, வழக்கம்போல ஓரத்துல விடாதீங்க" என்று கத்துகிறாள். விட்டிருக்கிறேன். கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன், அவள் படித்து முடிக்கிற வரை நான் வாசலில் போய் நிற்கிறேன்.

நீ பதறி வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குட்டிப்பயலுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ரத்தப் பரிசோதனையை மறந்துவிடாதே, டாக்டர் கொடுப்பது புரியாவிட்டால் வாயைத் திறந்து கேள்.

உன் அப்பா

பாப்பா, படித்துவிட்டேன். வண்டி வந்து நிற்கிறது, இவரைத் திட்டக்கூட நேரமில்லை. வாசலில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்க்கிறார். அப்பா சொல்கிறார் என்று இருந்துவிடாதே, நீ கிளம்பி வா, ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்கிறேன். என் மேல் தப்பில்லை என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறார். பதினேழு நாள் அவர் கையில் வைத்தேனே, விழுங்கினாரா என்று ஒரு நாளாவது நான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கக் கூடாதா?

அம்மா